பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவே

எட்டாம் வகுப்புக்கு அசமன்பாடுகள் நடத்துவது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. சமன்பாட்டில் x ஐந்து என்றால் ஐந்துதான், அதோடு முடிந்தது. அசமன்பாட்டில் விடை கூட்டமாக வரும். ஐந்தும் சரி, ஆறும் சரி, ஆறரையும் சரி. பிள்ளைகள் இதை முதலில் நம்ப மாட்டார்கள். "இதுல எது சார் ஆன்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அவர்கள் நம்பத் தொடங்கும் நாளுக்காகவே அந்தப் பாடத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

நல்ல கணக்கு வாத்தியார் என்று பெயர் எடுத்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அப்படித்தான் பேசினார்கள். ஒரே ஒரு பெண்ணின் விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் படிப்பு நின்றிருக்காது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. நான் சேலம் பக்கத்திலிருந்து வந்து, மத்திகிரியில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் மாட்டுப் பண்ணையில் கூலிகள், மீதிப் பேர் கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளையும் கன்னடம் பேசுகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் சண்டை போடுவார்கள்.

பாடப்புத்தகத்தில் இருந்த வாக்கியக் கணக்குகள் அவர்களுக்கு ஒட்டவில்லை. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். "குறையாம", "மிஞ்சாம", "மேல போகக் கூடாது" என்று வீட்டில் யாராவது பேசுவதைக் கேட்டு, ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் எந்த மொழியில் சொன்னாலும் சரி, தமிழில் எழுதினால் போதும். அந்த வாக்கியத்தை அசமன்பாடாக்கி எண்கோட்டில் வரைவோம். எண்கோடு கரும்பலகையில் இல்லை, மைதானத்தில். சுண்ணாம்புப் பொடியால் நீளமாகக் கோடு இழுத்து, அடிக்கு ஒன்றாக எண்களைக் குறித்து, ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பிள்ளையை நிறுத்துவேன். முதல் நிபந்தனைக்குப் பொருந்துகிற எண்ணில் நிற்பவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்கு இடது கை. இரண்டு கையையும் தூக்கி நிற்பவர்கள்தான் விடை. இந்த முறை நானே கண்டுபிடித்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த வருடம் வந்த வாக்கியங்களில் சில இன்னும் நினைவிருக்கின்றன. "பால் மானி இருபத்தாறுக்குக் குறைந்தால் சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்." "ஷிப்ட் பஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது." ஒரு பையன் எழுந்து, "எங்க நைனா ரெண்டு கிளாசுக்கு மேல குடிக்க மாட்டாரு" என்று வாசித்தான்.

"பொய் சார்!" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "அவுங்க நைனா ரெண்டுக்குக் கொறையாம குடிப்பாரு. அம்புக்குறிய அந்தப் பக்கம் போடச் சொல்லுங்க சார்!"

"உங்க நைனாவுக்குக் கோடே பத்தாதுடா, போடா" என்றான் இவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து அந்தப் பெண் எழுந்தாள். வகுப்பில் கணக்கில் முதலாக வருபவள் அவள்தான். அப்பா மாட்டுப் பண்ணையில் வேலை. பதிமூன்று முடிந்து பதினாலு நடந்துகொண்டிருந்தது. நோட்டைப் பார்க்காமல், எதிரே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு பெண்ணின் கல்யாண வயது x. பத்தாவது பரீட்சை எழுதின பிறகுதான் கல்யாணம் என்று அவள் சொல்கிறாள். அதனால் x பதினைந்துக்குக் குறையக் கூடாது. பதினாலுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்கள். அப்படியானால் x எவ்வளவு?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில். தீர்வே இல்லாத கணக்கு ஒன்று அந்தப் பாடத்தின் கடைசியில் வர வேண்டும். புத்தகத்தில் இருந்த உதாரணம் சப்பென்று இருந்தது. இவள் கொண்டுவந்தது அச்சாகப் பொருந்தியது. எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பத்திலிருந்து இருபது வரை பதினோரு பேரை நிறுத்தினேன். அவளைக் கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் நிற்கவைத்து, கணக்கைச் சத்தமாக மறுபடியும் வாசிக்கச் சொன்னேன்.

பதினைந்து முதல் இருபது வரை நின்றவர்கள் வலது கையைத் தூக்கினார்கள். பத்து முதல் பதினாலு வரை நின்றவர்கள் இடது கையைத் தூக்கினார்கள். இரண்டு கையையும் தூக்கியவர் எவரும் இல்லை.

"சார், நான் பதினாலரையில நிக்கட்டுமா?" என்று வெளியே நின்ற ஒரு பையன் குதித்துப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான்.

"நில்லு. எந்தக் கையத் தூக்குவ?"

யோசித்தான். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். "எதுவும் இல்ல சார்."

"பொண்ணுக்கு மாப்ள இல்லடோய்!" என்று யாரோ கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இதற்குத் தீர்வு கிடையாது. தீர்வுக் கணம் வெற்றுக் கணம்" என்று நான் அறிவித்தேன். "அருமையான கணக்கு. எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. "சார்" என்றாள். "ஒரு நிபந்தனைய மட்டும் கொஞ்சம் நகத்தினா? பதினாலுங்கறத பதினாறா ஆக்கினா, விடை வருமில்ல?"

"வரும். ஆனா அப்படிச் செய்யக் கூடாது. நிபந்தனை கொடுத்தது கொடுத்ததுதான். கணக்குப் போடுறவங்க அத மாத்த முடியாது."

"யாருமே மாத்த முடியாதா சார்?"

"யாரும் மாத்தக் கூடாதும்மா" என்றேன். நீளமாக ஒரு விளக்கமும் கொடுத்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

அவள் சொந்தக் கதையைத்தான் சொன்னாள் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது என்று பல வருடங்கள் எனக்கே சொல்லி வந்தேன். அது பொய். எனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் எனக்குத் தெரிந்தவன். அவளுடைய தாய்மாமன், நான் குடியிருந்த வீட்டின் மறுபாதியில் இருந்தான். ஒரு கம்பெனியில் டர்னர். இருபத்தேழு வயது. கம்பெனி வேலைக்காரன் என்பதால் சேலம், தருமபுரி பக்கத்திலிருந்தெல்லாம் பெண் கொடுக்க ஆள் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா மகள் என்பதால் ஏற்கெனவே ஒரு வருடம் பொறுத்திருந்தான், இனிமேல் முடியாது என்று அவன் வீட்டில் முடிவு. இதையெல்லாம் தேநீர்க் கடையில் நின்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். பெண்ணுக்குப் பதினெட்டு என்று சட்டம் இருந்ததும் எனக்குத் தெரியும். நான் போட்ட கோட்டில் பதினெட்டும் இருந்தது. ஒரு பிள்ளை வலது கையைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் நின்றான். நான் அவனையும் பார்த்தேன்.

என் தம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஊரில் சும்மா இருந்தான். அம்மா கடிதம் எழுதும்போதெல்லாம் கடைசி வரி அவனைப் பற்றித்தான். "ஓசூரில் இருக்கிறாய், உனக்குத் தெரியாத ஆளா" என்று முடிப்பாள். அந்த டர்னர் மூலமாகத்தான் தம்பியின் விண்ணப்பத்தைக் கம்பெனிக்குள் அனுப்பியிருந்தேன். "பர்சனல் ஆபீசர்கிட்ட நேரா குடுத்துட்டேன் சார், அப்ரண்டிஸ் எடுக்கறப்ப நம்ம பையன் பேரு மொதல்ல இருக்கும்" என்றிருந்தான். பதிலுக்கு அவன் எதையும் கேட்டதில்லை.

கணக்குப் போட்ட மூன்றாம் நாள் மதியம் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் கூட்டத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்ததால் பொறுப்பில் நான் இருந்தேன். அவர் காக்கி அரைக்கால் சட்டையோடு வாசற்படிக்கு வெளியே நின்றார். பின்னால் மொபெட்டை நிறுத்திவிட்டு மாமனும் வந்தான். அவனுக்கு இரண்டாவது ஷிப்ட்.

"உள்ள வாங்க" என்றேன்.

"பரவாலீங்க சார், கால்லாம் சாணி" என்றார் அப்பா. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசினார். "பாப்பா மூணு நாளா ஒரே அழுகைங்க. சோறும் திங்க மாட்டேங்குது. பத்தாவது வரைக்கும் உடுன்னு ஒத்தக் கால்ல நிக்குது. எனக்கு என்னாங்க தெரியும், நான் மாட்டோட கெடக்கறவன். கடசியா, சார்கிட்ட போய்க் கேளு, சார் என்ன சொன்னாலும் ஒத்துக்கறேங்குது. அதான் வந்தேன். நீங்க சொல்லுங்க. படிக்க வெச்சா உபயோகம் உண்டுங்களா?"

மாமன் சிரித்தான். "எங்க மாமாவுக்கு எல்லாத்துக்கும் ஆளு சொல்லணும் சார். மாடு கன்னு போடணும்னாலும் டாக்டர் வந்து சொல்லணும்."

"நீ சும்மா இரு மாப்ள. சாரு சொல்லட்டும்."

"சொல்லட்டும் மாமா. நான் வேணாங்கலையே. சார் படிக்கட்டும்னு சொன்னா நான் என்ன அடம் புடிக்கவா போறேன்? எங்க வீட்ல சண்ட போடுவாங்க, வேற பொண்ணு பாப்பாங்க. அவ்ளோதான்." என் பக்கம் திரும்பி, "அப்புறம் சார், தம்பி மேட்டரு திங்கக்கிழமை தெரிஞ்சிரும்" என்றான்.

அவன் மிரட்டியதாக நான் நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறேன். மிரட்டியிருந்தால் எனக்குச் சௌகரியம். அவன் மிரட்டவில்லை. தெரிந்த செய்தியைத் தெரிந்தவனிடம் சொன்னான், அவ்வளவுதான். அன்று யாருடைய நிபந்தனையும் கல்லில் வெட்டியதாக இருக்கவில்லை. அப்பா இளகித்தான் வந்திருந்தார். மாமனும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "படிக்கட்டுங்க" என்று சொல்ல எனக்கு இரண்டு நொடி போதும்.

"அது உங்க வீட்டு விஷயங்க" என்றேன். "நான் குறுக்க என்ன சொல்றது? நல்ல இடம், சொந்தம் வேற. பாத்து செய்யுங்க."

அப்பா துண்டின் முறுக்கைப் பிரித்தார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரா, தெரியவில்லை. "அப்ப சரிங்க சார்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் மேசையில் இருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு அவள் மூன்று வாரம் வகுப்புக்கு வந்தாள். அழுததாகத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியாக வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எல்லோரும் நோட்டுத் திருத்த வரிசையில் வந்தபோது அவளும் வந்தாள். எல்லாம் சரி. கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவள் நகரவில்லை. நான் தலை நிமிராமல், "வேற என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார்."

நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். பதினைந்து நாள் கழித்து அவள் பெயரை நான்தான் சிவப்பு மையில் அடித்தேன். அரைப் பரீட்சைகூட நடக்கவில்லை. எட்டாவதும் முடிக்காதவள் என்று ஆயிற்று.

கல்யாணத்துக்கும் போனேன். சூளகிரியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம், மாப்பிள்ளையின் ஊர். மாப்பிள்ளை பக்கத்து ஆளாகத்தான் என்னை உட்காரவைத்தார்கள். அவன் கம்பெனி நண்பர்களிடம், "பொண்ணுக்குக் கணக்கு சாரு இவருதான்" என்று என்னை அறிமுகப்படுத்தினான். ஒருவன், "அப்ப இனிமே வீட்டுக் கணக்குல ஏமாத்த முடியாதுடா" என்றான். பந்தியில் என் இலையில் இரண்டாவது முறை கேசரி வைத்தார்கள். சாப்பிட்டேன். பிறகு இருவரையும் என் காலில் விழச் சொன்னார்கள். அவள் குனிந்தபோது தலையில் வைத்திருந்த பூ என் பாதத்தில் உரசியது. அட்சதை போட்டு, நல்லா இருங்க என்று சொன்னேன். சொன்னபோது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் எனக்குப் பயம் தருவது அந்தக் குரல்தான்.

தம்பிக்கு அப்ரண்டிஸ் கிடைத்தது. பின்னால் நிரந்தரமும் ஆயிற்று. அவன் பெயரை அந்த மாமன் சொல்லித்தான் எடுத்தார்களா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. நல்ல மதிப்பெண் வாங்கியவன், சிபாரிசு இல்லாமலேயே எடுத்திருக்கக் கூடும். அப்படியென்றால் நான் அன்று வாயை மூடிக்கொண்டதற்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. சிபாரிசில்தான் கிடைத்தது என்றால் அது இன்னும் மோசம். இரண்டில் எது உண்மை என்று தம்பியிடம் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

அடுத்த வருடம் அசமன்பாடுகள் வந்தபோது வீட்டிலிருந்து வாக்கியம் கொண்டுவரச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்த கணக்குகளையே போட்டேன். மைதானத்தில் கோடும் போடவில்லை. "ஏன் சார், பசங்க ஆசையா இருப்பாங்களே?" என்று அறிவியல் டீச்சர் கேட்டார். நேரம் பத்தவில்லை என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓசூர்ப் பக்கம் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். ஒரு காலைப்பொழுது, பிரார்த்தனை முடிந்து அறைக்கு வந்தால் வெளிப்பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் தெரியவில்லை. "வணக்கம் சார்" என்று சொன்ன குரலில் தெரிந்துவிட்டது.

கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதுவதற்கானது. புகைப்படத்தின் மேல் தலைமையாசிரியர் ஒருவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

"உக்காரும்மா" என்றேன்.

"இருக்கட்டும் சார்." நின்றுகொண்டே சொன்னாள். "அவரு கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆவப்போவுது. கார்மெண்ட்ஸ்ல லேடீஸ் எடுக்கறாங்க. எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இல்லாம உள்ளயே உட மாட்டேங்கறாங்க. இங்க எச்.எம். நீங்கன்னு எனக்குத் தெரியாது சார். பக்கத்து ஸ்கூல்ல எச்.எம். லீவு. அதான் இங்க வந்தேன்."

நான் இருப்பது தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டாள் என்று புரிந்தது. அவள் அதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. பஸ் வராததால் நடந்து வந்தேன் என்பதுபோலச் சொன்னாள்.

எனக்கு என்னவோ பதற்றம் வந்துவிட்டது. "கணக்குதான் எல்லாருக்கும் கஷ்டம். சாயங்காலம் ஒரு மணி நேரம் வா. நான் சொல்லித்தரேன். பழைய கேள்வித்தாள் எல்லாம் இருக்கு. உன் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்தாலும் பரவாயில்ல" என்று மளமளவென்று பேசினேன்.

"கணக்குல எனக்குப் பயமில்ல சார்" என்றாள். "இங்கிலீஷ்தான் கொஞ்சம். அதுக்கு எங்க தெருவுல ஒரு பொண்ணு ட்யூஷன் எடுக்குது. பத்தாவது படிக்கிற பொண்ணு. நல்லா சொல்லித்தருது."

"நானும்..."

"வேணாம் சார். கையெழுத்து மட்டும் போடுங்க."

கையெழுத்துப் போட்டேன். பாதி புகைப்படத்திலும் பாதி தாளிலும் விழும்படி முத்திரை வைத்தேன். தாளை அவளிடம் கொடுக்கும் முன் மன்னிப்பு என்ற சொல் என் வாய்க்குள் இருந்தது. உண்மையாகவே இருந்தது. அலுவலக உதவியாளர் ஒரு கோப்போடு உள்ளே வந்தார். அவர் வெளியே போகட்டும் என்று காத்திருந்தேன், அவர் போனார், பிறகும் நான் சொல்லவில்லை. அவள் முத்திரை மை காயத் தாளை ஊதினாள். இரண்டாக மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "வரேன் சார்" என்றாள்.

அவள் அந்தப் பரீட்சையில் தேறினாளா என்று எனக்குத் தெரியாது. தேறியிருப்பாள். மறுபடி அவள் எதற்காகவும் என்னிடம் வரவில்லை. அவள் பள்ளி வாசலைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் வந்தது துக்கம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உள்ளபடி வந்தது நிம்மதி. அவள் உட்காராமலே போனாளே, எதையும் கேட்காமலே போனாளே என்ற நிம்மதி. மணி அடித்தது. ஏழாம் வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை என்று சொன்னார்கள். சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன்.